இடக்கைப் பக்கம் சமையலறை

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த வீட்டில், வாசலில் நுழைந்ததும் ஹால், அதில் வலக்கைப் பக்கம் சமையலறை. நேரே போனால் படுக்கையறை. அதற்கும் பின்னால் ஒரு சின்ன முற்றம். அதன் ஓரத்தில் குளியலறையும் கக்கூஸும். அவ்வளவுதான் வீடு. நாங்கள் கட்டத் தொடங்கிய சொந்த வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதை முதலில் சொல்லாவிட்டால் அது புரியாது. வலக்கைப் பக்கம் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாருமே அதை வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கல்யாணமானதும் அம்மாவை இந்தக் குவார்ட்டர்ஸுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுடைய ஒரே பிள்ளையான நான் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் யார் வீட்டுக் கதவையோ தட்டி, அங்கே காபியும் குடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். "எல்லா குவார்ட்டர்ஸும் ஒண்ணுதான்" என்பது காலனியில் எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. சலித்துக்கொள்ளும்போதும் அதைத்தான் சொல்வார்கள், பெருமை பேசும்போதும் அதைத்தான் சொல்வார்கள்.

உண்மையில் ஒன்றில்லை. வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறை, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை. எங்களுக்கு வலக்கையில் இருப்பது அவர்களுக்கு இடக்கையில். அந்த வீட்டு ஆன்ட்டி அரக்கோணத்துக்காரர். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். அம்மா கரண்டிக் காம்பால் சுவரில் தட்டினால், குழம்பு வைத்துவிட்டேன், கிண்ணம் எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம். ஆன்ட்டி பதிலுக்குத் தட்டினால் வருகிறேன் என்று அர்த்தம். இப்படித் தினமும் தட்டிக்கொண்டிருந்தும், ஒரு வீடு இன்னொன்றுக்கு நேர் மாறு என்பது எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

நான் பள்ளிக்கூடம் முடித்த சமயத்தில் அம்மாவின் கண் போக ஆரம்பித்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்தார். இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை மீட்க முடியாது என்றும் சொன்னார். இருந்ததும் ஒழுங்காக நிற்கவில்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம், இருட்டு எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சியது.

வெளியாட்கள் யாரும் அதை எங்கள் வீட்டில் கண்டுபிடித்ததில்லை. அடுப்புப் பற்றவைப்பாள், மீன் கழுவுவாள், டப்பாவை முகர்ந்து பார்த்து மல்லியா மிளகாயா என்று சொல்வாள். ராத்திரி கரண்ட் போனால் நானும் அப்பாவும் முட்டி மோதிக்கொண்டு நிற்போம். அம்மா நிதானமாகப் போய் மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து வருவாள். "கண்ணு தெரிஞ்சவங்க ரெண்டு பேரு இருக்கிய, என்ன பிரயோசனம்?" என்று கேட்டுக்கொண்டே அப்பா கையில் கொடுப்பாள். வலக்கை சுவரில் உரசிக்கொண்டே போகும். கை பட்டுப் பட்டு அந்த இடத்துச் சுண்ணாம்பு வழவழப்பாக ஒரு கோடு மாதிரி ஆகிவிட்டது.

தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினோம். அந்த வீட்டில் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான், எழுந்திருக்கவே இல்லை. கக்கூஸுக்குப் போகக்கூட யாராவது வரவேண்டும். கல்யாண வீட்டில் யார் வருவார்கள்? நான் தோழிகளோடு மாடியில் இருந்தேன். வந்து பார்த்தபோது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், புடவை நனைந்திருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் அப்பாவிடம், "இன்னொரு வீட்டுக்கு என்னைக் கொண்டு போனியன்னா, நான் மூட்டைதான். எறக்கி வச்ச எடத்துலயே கெடப்பேன்" என்றாள்.

அப்பா ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்த நாள் தூரத்தில் இல்லை. சேக்காட்டில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார், வேலிக்காத்தான் மண்டிய மனை. அங்கே வீடு கட்டப்போவது தெரிந்த விஷயம்தான். மாடிப்படியும், வாசலில் வளைவு வைத்த வராந்தாவும், ஹாலில் கண்ணாடி ஷோகேஸும் வரப்போகின்றன என்று நான் என் தோழிகளிடம் எப்போதோ சொல்லிவைத்துவிட்டேன். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்: "இதே வீட்டத்தான் அங்க கட்டப் போறேன். இதே ஹாலு, இதே அடுப்பங்கரை, இதே முத்தம். கதவு கூட இதே அகலம். உங்கம்மா மொத நாளே நடக்கலாம்."

நான் சாதத் தட்டைத் தள்ளி வைத்தேன். காலமெல்லாம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு வீடு கட்டி, அதிலும் குவார்ட்டர்ஸா? தொழிற்சாலையில் அப்பாவின் ஷாப்பிலும் இதே கிண்டல்தான். கூட வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, "இன்னா அண்ணாத்தே, அவனவன் குவார்ட்டர்ஸ வுட்டுத் தப்பிச்சிப் போறதுக்கு ஊடு கட்றான், நீ குவார்ட்டர்ஸையே கையோட தூக்கினு போறியே" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டு, அப்பாவின் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஷோகேஸைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரி சேக்காட்டுக்காரர். காதில் பென்சில் செருகியிருக்கும், சட்டைப்பையில் வெற்றிலை இருக்கும். வீட்டை அளக்க அவர் வந்த சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபைப் பெண்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். டேப்பை எங்கே இழுப்பது? மேஸ்திரி வாசலிலேயே நின்று, "இன்னோரு நாள் வரட்டா சார்?" என்று கேட்டார்.

"எதுக்கு இன்னொரு நாள்? எல்லா குவார்ட்டர்ஸும் ஒண்ணுதான். பக்கத்து வீட்டுல அளந்துக்கிடுங்க" என்றார் அப்பா. ஆன்ட்டி சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டார். டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். மேஸ்திரிக்குக் காபியும் கிடைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, புது வீட்டுக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

வேலிக்காத்தானை வெட்டி, வேரைக் கிளறி எரித்தார்கள். மேஸ்திரி முளையடித்துக் கயிறு கட்டி, கயிற்றின் மேல் சுண்ணாம்புத் தூள் போட்டார். எங்கள் வீடு தரையில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சின்னதா? படுக்கையறைக்குள் ஒரு கட்டில் போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது போல இருந்தது. மேஸ்திரி சிரித்தார். "எல்லாரும் இத்தான் கேப்பாங்கோ. கோடா இருக்கறப்ப சின்னதாத்தான் கீது. செவுரு எழும்பட்டும், பெர்சாத் தெரியும் பாரு."

பாஸ்டர் வந்து ஜெபம் செய்து, ஈசானி மூலையில் முதல் கல்லை வைத்தார். அவர் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் மேஸ்திரி ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி நான்கு மூலைக்கும் வீசினார். "ஒங்க சாமி ஒங்களுக்கு, எங்க ஆளுங்க குழில எறங்கணும் இல்ல சார்?" என்றார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

அம்மா தினமும் அப்பாவின் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருப்பாள். எங்கள் ஊர்ப்பக்கம் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பெயர். வீட்டுக்கு வானம் தோண்டியாச்சா என்றுதான் கேட்பார்கள். ஆவடிப் பக்கம் அதுவே கடக்கால். மேஸ்திரி ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா, "வானம் எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கு?" என்று கேட்டாள். மேஸ்திரி அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணோடு சேர்ந்து வேறு எதுவும் போய்விட்டதோ என்று பயந்துவிட்டார் பாவம். விளக்கிச் சொன்னதும், "அத்தச் சொல்றியாம்மா நீ! நான் மேலப் பாத்துனுகீறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு அம்மா சிரித்த மாதிரி நான் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

கடக்காலில் ஜல்லி போட்டார்கள். கருங்கல் வந்தது, அதை வாசல் பக்கம் கொட்டினார்கள். மணலையும் செங்கலையும் அங்கேயே இறக்கினார்கள். வாசல் பக்கமாக ஆள் நுழைய வழியில்லை. நானும் அப்பாவும் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையாக வந்துதான் வேலையைப் பார்ப்போம். அங்கிருந்து பார்த்தால் சமையலறை வலக்கைப் பக்கம்தான் இருந்தது. நம் வீடு மாதிரியே என்று நானே அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டைப் பின்னாலிருந்து பார்க்கிறோம், அப்படியானால் அது இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்கிற கணக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவருக்கும் என்றால், கண் தெரிந்த எங்கள் இரண்டு பேருக்கும்.

கருங்கல் கட்டு தரைக்கு மேலே முழங்கால் உயரம் எழும்பி, மேலே சிமெண்டு பூசினார்கள். உள்ளே செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு, சித்தாள்கள் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். பேஸ்மட்டம் முடிந்தது என்று மேஸ்திரி சொன்னார். அறைகள் எங்கே, கதவு எங்கே என்று தெரிவதற்காக ஒரு வரி செங்கல் மட்டும் வைத்து, கதவு வரும் இடங்களில் இடைவெளி விட்டார். வாசலில் கிடந்த கல்லும் மணலும் தீர்ந்து, வழி பிறந்தது. அப்பா அம்மாவிடம், "நாளைக்குக் கெளம்பு. உன் வீட்ட வந்து பாரு" என்றார்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். ஆன்ட்டியும் கூட வந்தார். ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து நடத்திக்கொண்டு போய், வாசலில் போட்டிருந்த கல்லில் ஏற்றிப் பேஸ்மட்டத்தின் மேல் நிறுத்தினோம். அம்மா செருப்பைக் கழற்றினாள். "கைய விடுட்டி" என்றாள் என்னிடம்.

விட்டேன். அம்மா முகத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் வெட்கம் இருந்தது. வாசல் இடைவெளியில் கால் வைத்தாள். உள்ளே வந்தாள். வலக்கையை நீட்டிக்கொண்டு, எப்போதும் திரும்புகிற இடத்தில், எப்போதும் போல வேகமாக வலப்பக்கம் திரும்பினாள். கால் செங்கல்லில் இடித்தது. அப்படியே முன்னால் விழுந்தாள். ஆன்ட்டி "ஐயோ அக்கா" என்று ஓடினார்.

"அங்க இல்ல, இந்தப் பக்கம்லா..." என்று சொல்லிக்கொண்டே வந்த அப்பா பாதியில் நின்றார். அவருடைய கை இடப்பக்கம் நீண்டிருந்தது. அவர் தன் கையையே பார்த்தார். பிறகு சமையலறையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

மேஸ்திரிக்குப் புரிய நேரமாயிற்று. "சார் காமிச்ச ஊட்டத்தான சார் அளந்தேன். நீதான சார் எல்லாம் ஒண்ணுன்னு சொன்ன?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். "இடிச்சிரலாம்" என்றார். மறுபடியும், "எல்லாத்தையும் இடிச்சிட்டு மொதல்லருந்து போடுங்க" என்றார். எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி காதுப் பென்சிலை எடுத்து எடுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்தபடியே கால்விரலைத் தடவிப் பார்த்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. "ஒரு கல்லை எடுத்தியன்னா, இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன்" என்றாள். "கைய மாத்திப் போட்டாத் தீந்துச்சு. வலக்கைக்குப் பதிலா இடக்கை. இதுக்குப் போயி ஆம்பளை அழுவாங்களா?" அப்பா சத்தம் இல்லாமல்தான் அழுதார். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

பயிற்சி யோசனை ஆன்ட்டியுடையது. ஆட்டோவில் திரும்பி வரும்போது ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க்கா, புது ஊடு எங்க ஊடு மாதிரிதான வந்துகீது? அப்ப எங்க ஊட்லயே நடந்து பழகிக்கோ. யாரு கேக்கப் போறா?" அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து, அப்பா வேலைக்குப் போனதும் அம்மா அடுத்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டாள். முழங்கையிலும் நெற்றியிலும் காயம். ஆன்ட்டி ஸ்டூலையும் பெட்டியையும் ஓரம் கட்டி வைத்தார். கட்டிலைக்கூட எங்கள் வீட்டில் இருக்கிற இடத்துக்கு நேர் எதிராகத் தள்ளிப் போட்டார். அவர் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, கட்டிலைக் காணோமே என்று தேடினாராம். இடக்கைக்குப் புத்தி வர ரொம்ப நாளாகும் என்று அம்மா சொன்னாள். இத்தனை வயது வரை அது சும்மா தொங்கிக்கொண்டிருந்ததாம், இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாளாம்.

ஒருநாள் காலை நான் எங்கள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சுவரில் சத்தம் கேட்டது. ஆன்ட்டி தட்டுகிற மாதிரி இல்லை. அம்மா தட்டும் தட்டு. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வாசலிலிருந்து யார் துணையும் இல்லாமல் அடுத்த வீட்டுச் சமையலறைக்கு வந்து, கரண்டியைத் தானே தேடியெடுத்துத் தட்டுகிறாள். நான் கையில் இருந்த இடுக்கியால் பதிலுக்குத் தட்டு தட்டென்று தட்டினேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதன் பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. அப்பாவுக்கு லீவு இருக்கும் நாளில், அந்தத் தட்டலுக்காக அவர் சமையலறைச் சுவரோரம் காபி டம்ளரோடு நிற்பார்.

இதில் ஒரு கஷ்டமும் வந்தது. அந்த வீடு பழகப் பழக எங்கள் வீடு அம்மாவுக்குக் குழம்பியது. ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, எந்தக் கையை நீட்டுவது என்று யோசிப்பாள். ஒருநாள் இடப்பக்கம் திரும்பி எங்கள் ஜன்னல் கம்பியில் மோதிக்கொண்டாள். அப்பா பதறினார். அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நல்லதுதான். இந்த வீடு மறக்குதுல்லா. இனி திரும்பி வர முடியாது, சீக்கிரம் செவுர எழுப்புங்க" என்றாள்.

மழைக்காலம் வந்துவிட்டது. சேக்காட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கி, செங்கல் லாரி உள்ளே வரவில்லை. மழை விட்டதும் சுவர் என்று மேஸ்திரி சொன்னார். அப்பா மழையிலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பேஸ்மட்டத்தைப் பார்த்துவிட்டு வருவார். "ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. தீவு மாதிரி நிக்கி" என்று அம்மாவிடம் சொல்வார்.

மழை விடுவதற்குள் அப்பா போய்விட்டார். காலையில் ஷேவிங் செய்துகொண்டிருந்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த நுரையை நான்தான் துடைத்தேன். இன்றைக்கும் எங்காவது சலூனைக் கடந்து போனால் அந்தச் சோப்பு வாசனை வரும், தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவேன்.

காரியங்கள் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன மறுநாள் காலை அம்மா எழுந்து, முகம் கழுவி, அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் ஆன்ட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஆபீஸில் நாள் கொடுத்திருந்தார்கள். அப்பாவின் சம்பளம் இல்லாமல் வீடு இனி எழும்பாது என்பது எனக்குத் தெரியும், ஆன்ட்டிக்குத் தெரியும், மேஸ்திரிக்குக்கூடத் தெரியும்; முளைக் கயிறையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவிடம் சொல்வது யார்? நான் தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் சுவரில் தட்டுவாள். நான் பதிலுக்குத் தட்டுவேன். சில நாள் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். செத்தவர் மேல் வரும், கடவுள் மேல் வரும், ஒன்றும் தெரியாதவள் போல நடந்துகொண்டிருக்கிற அம்மா மேலும் வரும். தட்டிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி மூக்கை உறிஞ்சுவதும் கேட்கும்.

கடைசி நாளன்று சாமானெல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகும் அம்மா ஒரு தடவை அடுத்த வீட்டில் நடந்துவிட்டுத்தான் வந்தாள். அன்றைக்கு அவள் தட்டியபோது, காலியான சமையலறையில் சத்தம் பெரிதாகக் கேட்டது.

அம்பத்தூரில் ஒரு போர்ஷனுக்குக் குடிபோனோம். அது ஒரு நீளமான அறை, தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டு மாதிரியும் இல்லை, ஆன்ட்டி வீட்டு மாதிரியும் இல்லை. கக்கூஸ் வெளியே, மற்றக் குடித்தனங்களோடு பொது. பக்கத்திலேயே பாடியில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நான் கிளம்பும்போது அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்வாள். திரும்பி வரும்போது அங்கேயே இருப்பாள். தாம்பரத்து ரயிலில் அவள் சொன்ன வார்த்தை எனக்குத் தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போது ஞாபகம் வரும். வீட்டுப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சில வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணம் பேச வேண்டும் என்று பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். மனையை விற்பது என்று முடிவாயிற்று. அப்போதுதான் அம்மாவிடம் நேராகச் சொன்னேன். "சரி" என்றாள். "வாங்கறவங்க வந்து பாக்கற அன்னிக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சேக்காடு மாறியிருந்தது. ஒற்றையடிப் பாதை தெருவாகியிருந்தது, சுற்றிலும் வீடுகள். நடுவில் எங்கள் பேஸ்மட்டம் மட்டும் அப்பா சொன்னபடி தீவு மாதிரி நின்றது. வரி செங்கல்லை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மேலே புல் முளைத்திருந்தது. வாங்க வந்தவர்கள் ஒரு புதுத் தம்பதி. அந்தப் பெண் நல்ல மாதிரி, அம்மாவிடம் நலம் விசாரித்தாள். அவள் வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "சமையல் ரூம் அக்னி மூலைல வரலியே. இத்த எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும்னு மேஸ்திரி சொல்லிட்டார்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். "எடுங்க. அதுக்கு முந்தி நான் ஒருவாட்டி நடந்துக்கிடுதேன்" என்றாள்.

வாசல் கல் இன்னும் அதே இடத்தில் இருந்தது. ஏற்றிவிட்டேன். அம்மா செருப்பைக் கழற்றினாள். கையை விடச் சொல்வதற்கு முன் நானே விட்டேன். சுவர் இல்லை, செங்கல்லும் இல்லை, வெறும் மேடு. ஓரம் தவறினால் கீழே விழுவாள். நான் ஒரு எட்டு பின்னால் போகப் பார்த்தேன். "வராத" என்றாள், திரும்பாமலே.

வாசலில் நுழைந்தாள். இடக்கையை நீட்டினாள். இல்லாத சுவரை உரசிக்கொண்டு போவது போல அந்தக் கை காற்றில் போயிற்று. இடப்பக்கம் திரும்பினாள். நிலைப்படி வரும் இடத்தில் காலைத் தூக்கி வைத்தாள். சமையலறைக்குள் போய், அடுப்பு மேடை இருக்க வேண்டிய இடத்தில் நின்றாள். திரும்பி ஹாலுக்கு வந்து, படுக்கையறையைக் கடந்து, முற்றத்து விளிம்பில் சரியாக நின்றாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எதிரே பெட்டிக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாங்க வந்த பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். "அம்மா, அப்பா போன பெறகும் எதுக்கும்மா தினமும் போயி நடந்த? வீடு வராதுன்னு உனக்கு யாருமே சொல்லலியேன்னு..."

"செவுரு எழும்பாதுன்னு எனக்குத் தெரியாதாட்டி?" என்றாள் அம்மா. "நான் மூட்டை மாதிரி கெடக்கக் கூடாதுன்னுதான மனுசன் இதக் கட்டுனாரு. தப்பாக் கட்டிட்டோம்னு நெனச்சிட்டேதான் செத்தாரு. தப்பில்ல, நான் நடந்துட்டேன்னு ஒரு நாளாவது இதுக்குள்ள நடந்து காட்டணும்லா."

அண்ணனூர் பக்கம் ஒரு ரயில் போயிற்று. அது போய் முடியும் வரை அம்மா முற்றத்து விளிம்பிலேயே நின்றாள். பிறகு வலக்கையை என் பக்கம் நீட்டி, "போதும்ட்டி, கையப் பிடி" என்றாள்.